வாசகர் கேள்வி பதில்: "கடலுக்குள்ள போறவங்க சொன்னதத்தான் நான் கதையா எழுதுறேன்"

கடல், மலை, பழைய மெட்ராஸ்னு சாகச நாவலா எழுதிக்கிட்டு இருக்குற நம்ம நாவலாசிரியர் இந்த மாசம் உங்க கேள்விகளுக்கு பதில் சொல்றாங்க. ராயபுரத்துல பொறந்து வளந்தவங்க, இப்ப திருவான்மியூர்ல இருக்காங்க. அவங்க அனுப்பினத அப்படியே போட்டிருக்கோம்.

மேடம், உங்க நாவல் எல்லாத்துலயும் கடலு, கப்பலு, ராத்திரி நெருப்புன்னு ஏதாவது ஒண்ணு வந்துடுது. இந்த ஆசை எங்க ஆரம்பிச்சது?
(வாசகர், பெரம்பூர்)

எங்க ஆயாகிட்ட. ஆயா 1905ல பொறந்தவங்க. நான் சின்ன வயசுல ஏதாவது தில்லுமுல்லு பண்ணி மாட்டிக்கிட்டா "அடியே எம்டன்"னு தான் கூப்பிடுவாங்க. அது ஏதோ திட்டுற வார்த்தைன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போயிடுச்சு, வாசல்ல உக்காந்திருந்தோம், அப்ப கேட்டேன், எம்டன்னா என்ன ஆயான்னு. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு லேட்டு.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல ஜெர்மன்காரங்களோட எம்டன்ங்கிற போர்க்கப்பல் விளக்கெல்லாம் அணைச்சுட்டு மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிர்ல வந்து நின்னுச்சு. கேப்டன் பேரு கார்ல் ஃபான் முல்லர். சர்ச்லைட்ட போட்டு பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டேங்க்க குறி வச்சு சுட்டாங்க, சுமார் 125 குண்டு, அரை மணிக்குள்ள எல்லாம் முடிஞ்சு கப்பல் திரும்பி இருட்டுக்குள்ள போயிடுச்சு. ஆயாவுக்கு அப்ப ஒம்போது வயசு. மொதல்ல இடி இடிக்குதுன்னு தான் நெனச்சாங்களாம், மழை வரப்போகுதுன்னு கொடியில கெடந்த துணிய எடுக்க வெளிய ஓடினா வானம் செக்கச்செவேல்னு இருக்கு. அவங்க அப்பா தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு செங்குன்றத்துல இருந்த சொந்தக்காரங்க வீட்டுக்கு நடக்க ஆரம்பிச்சுட்டாரு. வழி பூரா ஜனமாம். அந்தக் கூட்டத்துல ஒரு அம்மா நகை இல்ல, பணம் இல்ல, புள்ளைய கூட யாரோ தூக்கிட்டு வராங்க, இவங்க இடுப்புல ஒரு அம்மிக்குழவிய வச்சுக்கிட்டு நடந்தாங்களாம். "எதுக்குடி அத தூக்கிக்கிட்டு போனா, இன்னிக்கு வரைக்கும் எனக்கு புரியல"ன்னு ஆயா சொல்லுவாங்க.

எம்டன் கதை புஸ்தகத்துல நெறைய இருக்கு, ஐகோர்ட் மதில்ல குண்டு விழுந்த இடத்துல ஒரு கல்வெட்டு கூட இன்னும் இருக்கு, போய் பாருங்க. ஆனா அந்த அம்மிக்குழவி எந்த புஸ்தகத்துலயும் இல்ல, எங்க ஆயா கண்ணுல மட்டும் தான் இருந்துச்சு. என்னோட மொத நாவல் அதுலேருந்து தான் பொறந்தது.

இன்னொண்ணும் சொல்லணும். அதே வருஷம் நவம்பர் 9ஆம் தேதி, கோகோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னிங்கிற கப்பல் எம்டன அடிச்சு கரை தட்ட வச்சுடுச்சு. ஆனா அந்த நேரத்துல எம்டன்காரங்க சுமார் 50 பேர் தந்தி நிலையத்த உடைக்கிறதுக்காக தீவுல எறங்கியிருந்தாங்க. அவங்க கப்பல் போயிடுச்சு. என்ன பண்ணாங்க தெரியுமா, அங்க நின்னுட்டு இருந்த ஆயிஷாங்கிற பழைய பாய்மரக் கப்பல எடுத்துக்கிட்டு சுமத்ரா போயி, அங்கேருந்து வேற கப்பல்ல ஏமன் போயி, பாலைவனம் தாண்டி 1915ல கான்ஸ்டான்டிநோபிள் போய் சேந்தாங்க. நான் இத மொத மொத படிச்சப்ப விடியுற வரைக்கும் தூங்கல. எதிரியா இருந்தா என்ன, மனுஷன் அவ்ளோ தூரம் போவானான்னு மனசு அடிச்சுக்கிச்சு.

எழுதுறதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க? அது எழுத்துக்கு உதவுச்சா?
(வாசகி, வண்ணாரப்பேட்டை)

ராஜாஜி சாலையில ஒரு ஷிப்பிங் ஏஜென்சில 22 வருஷம். மேனிஃபெஸ்ட்னு கப்பல் சரக்குப் பட்டியல டைப் அடிக்கிறது, பில் ஆஃப் லேடிங்னு சரக்கு ஏத்தினதுக்கான சீட்ட சரி பாக்குறது, கப்பல் எப்ப வரும் எப்ப போகும்னு போன்ல கத்துறது, இதுதான் வேலை. உதவுச்சாவா, அது இல்லன்னா நான் இல்ல. ஒரு கப்பல்ல என்னென்ன ஏத்துவாங்க, எந்த சரக்குக்கு மேல எத வைக்கக்கூடாது, மழையில எது வீணாப்போகும், இதெல்லாம் கத்துக்கிட்டது அங்கதான். சரக்கு தூக்குற விஞ்சு மெஷின் ஓட்டுறவரு ஒருத்தரு மத்தியானம் எங்க ஆபீசுக்கு தண்ணி குடிக்க வருவாரு, அவருகிட்ட ஒரு மணி நேரம் பேசினா பத்து புஸ்தகம் படிச்ச மாதிரி. 2009ல வேலைய விட்டேன்.

உங்களுக்கு பயமே கிடையாதா அக்கா? மீனவர்களோட கடலுக்குள்ள போயிருக்கீங்கன்னு படிச்சேன். நான் காலேஜ் படிக்கிறேன், எனக்கு பீச்சுல முட்டி வரைக்கும் தண்ணி வந்தாலே பயம்.
(மாணவி, அடையாறு)

பயம் உண்டும்மா. இன்னமும் உண்டு. பயப்படாத ஆளோட நான் கடலுக்கு போக மாட்டேன்.

ஊரூர் ஆல்காட் குப்பத்துல ஒரு பெரியவரு, நான் அண்ணன்னு தான் கூப்பிடுவேன், அவரு ஃபைபர் போட்டுல சில தடவ போயிருக்கேன். ஒரு தடவ விடிகாத்தால மூணு மணிக்கு கிளம்பினோம். நல்ல அமைதியான கடல், நட்சத்திரமெல்லாம் தெளிவா தெரியுது, நான் மடியில நோட்டு வச்சுக்கிட்டு டார்ச் வெளிச்சத்துல எழுதிட்டு இருந்தேன். அரை மணி நேரம் போயிருப்போம். அண்ணன் தண்ணியில கைய விட்டு பாத்தாரு, மூஞ்சிய ஒரு பக்கமா திருப்பி காத்த மோந்து பாக்குற மாதிரி இருந்தாரு, அப்புறம் பையன்கிட்ட "திருப்புடா"ன்னாரு. ஒத்த வார்த்தை. எனக்கு உள்ளுக்குள்ள அவ்ளோ ஏமாத்தம், ரெண்டு வாரமா காத்துக்கிட்டு இருந்து வந்திருக்கேன், வானத்துல ஒரு மேகம் இல்ல, எதுக்கு திரும்பணும்? வாயத் தொறந்து கேக்கல. கரை ஏறி போட்ட இழுத்துப் போட்டு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள வாடை அடிச்சுது பாருங்க, அலை எழும்பி போட்டு நிக்கிற இடம் வரைக்கும் தண்ணி வந்துடுச்சு.

அதுக்கப்புறம் தான் நான் காத்தோட பேரெல்லாம் ஒழுங்கா கத்துக்கிட்டேன். கொண்டல்னா கெழக்கு, வாடைன்னா வடக்கு, கோடைன்னா மேக்கு, தெக்கேருந்து வர்றது தென்றல். இதெல்லாம் பாட்டுல வர்ற பேருன்னு நாம நெனக்கிறோம், குப்பத்துல காத்துப் பேரு தெரியாம ஒருத்தரும் வலை எடுக்க மாட்டாங்க. நீரோட்டத்துக்கும் தனித்தனி பேரு, வடக்கேருந்து தெக்க ஓடுனா வன்னி, தெக்கேருந்து வடக்க ஓடுனா தெண்டி. எந்த ஓட்டத்துக்கு எந்த மீனு, எந்த வலைன்னு அவங்க கணக்கு போடுறத கேட்டா நம்ம படிப்பெல்லாம் எவ்வளவுன்னு தெரியும். புறநானூத்துல வெண்ணிக்குயத்தியார்னு ஒரு குயவர் வீட்டுப் பொண்ணு கரிகாலன பாடும்போது, காத்தையே வேலை வாங்குனவனோட வம்சம்டா நீன்னு பாடுறாங்க. காத்த வேலை வாங்குறதுன்னா என்னன்னு நான் அந்த அண்ணன் கை தண்ணிக்குள்ள இருந்தப்ப தான் பாத்தேன்.

நீங்க முட்டி வரைக்கும் நில்லுங்கம்மா, தப்பே இல்ல. பெசன்ட் நகர்லயும் மெரினாவுலயும் இழுப்பு ஜாஸ்தி, உங்க பயம் சரியான பயம். ஆனா ஒரு நாள் நீச்சல் கத்துக்கோங்க, குளத்துல.

உங்களுக்கு பிடிச்ச சாப்பாடு?
(வாசகர், ஆவடி)

நெத்திலி கருவாட்டுக் குழம்பு, முந்தின நாள் வச்சது. கூட முருங்கக்கா போட்டிருக்கணும்.

சரித்திரத்துல உங்கள ரொம்ப பாதிச்ச சாகசக்காரர் யாரு? ராஜாக்கள விட்டுட்டு சொல்லுங்க.
(வாசகர், மடிப்பாக்கம்)

உங்க வீட்டு மொட்டை மாடில ஏறி நின்னா பரங்கிமலை தெரியும் இல்லையா. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்ப்டன்னு ஒரு ராணுவ அதிகாரி அந்த மலைப்பக்கத்துலேருந்து தான் இந்தியாவையே அளக்க ஆரம்பிச்சாரு. மொதல்ல தரையில ஒரு நேர்கோடு, ஏழரை மைல் நீளம். அத அளக்க 100 அடி இரும்புச் சங்கிலி. கணக்கு போட்டு பாருங்க, கிட்டத்தட்ட 400 தடவ அந்த சங்கிலிய எடுத்து எடுத்து வைக்கணும், வெயில்ல இரும்பு நீளும்ங்கிறதால பொட்டிக்குள்ள வச்சு, தெர்மாமீட்டர் வச்சு, நெழல் கட்டி, ஏப்ரல் மே வெயில்ல, மெட்ராஸ்ல. 57 நாள் ஆச்சு. அந்த ஒரு கோட்டுலேருந்து முக்கோணம் முக்கோணமா கட்டிக்கிட்டே போய் தான் பின்னாடி இமயமலை வரைக்கும் போனாங்க, ராதாநாத் சிக்தார்னு ஒரு வங்காளி கணக்கு போட்டு உலகத்துலயே உசரமான சிகரம் இதுதான்னு கண்டுபிடிச்சாரு. எவரெஸ்ட்டோட உசரத்துக்கு அஸ்திவாரம் நம்ம பரங்கிமலை அடிவாரத்துல இருக்கு.

கோணம் அளக்குறதுக்கு தியோடலைட்னு ஒரு கருவி, அரை டன் எடை. இங்கிலாந்துலேருந்து அது வந்த கப்பல ஃப்ரெஞ்சுக்காரங்க புடிச்சு மொரிஷியஸ் கொண்டு போயிட்டாங்க, அப்புறம் இது விஞ்ஞானக் கருவின்னு தெரிஞ்சதும் மரியாதையா மெட்ராசுக்கு அனுப்பி வச்சாங்க. 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து மேல ஏத்தும்போது கயிறு அறுந்து கருவி செவுத்துல மோதி நசுங்கிடுச்சு. வேற ஆளா இருந்தா வேலைய மூட்டை கட்டியிருப்பாங்க. லாம்ப்டன் கூடாரத்துக்குள்ள உக்காந்து ஆறு வாரம் தட்டித் தட்டி தானே சரி பண்ணாரு. 1823ல மகாராஷ்டிராவுல ஹிங்கன்காட்ல, வேலையில இருக்கும்போதே இறந்தாரு.

இவரு பெரிய மனுஷன் தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா நான் நாவல் எழுத உக்காந்தப்ப என் மனசு அவருகிட்ட நிக்கல, அந்த சங்கிலிய தூக்குனவங்ககிட்ட போயிடுச்சு. அரை டன் கருவிய பெரிய கோயில் உச்சிக்கு ஏத்த கயிறு புடிச்சது யாரு? மலைக்கு மலை கொடி நட்டு நின்னவன் யாரு? கலாசிங்கன்னு மொத்தமா ஒரு பேரு தான் இருக்கு. காட்டுக்காய்ச்சல்ல எத்தனையோ பேர் செத்தாங்க, பரங்கிமலையில லாம்ப்டனுக்கு மார்பளவு சிலை இருக்கு, இவங்களுக்கு ஒரு வரி கெடையாது. அதனால என் நாவல்ல கதை சொல்றது ஒரு கலாசி. கருவிய அவன் ஒரு தடவ கூட கண்ண வச்சு பாத்ததில்ல, ஆனா அதோட எடை அவன் தோளுக்கு தெரியும். என்னைக் கேட்டா சாகசக்காரன்னா அவன்தாங்க.

பல்லாவரத்துல இருக்கோம், எங்க ஏரியாவ வச்சு ஒரு கதை எழுதுவீங்களா? இங்க என்ன இருக்குன்னு நீங்க நெனக்கலாம்.
(வாசகி, பல்லாவரம்)

நான் அப்படி நெனக்கவே இல்லைங்க! 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் ப்ரூஸ் ஃபுட்ங்கிற நிலவியல்காரர் உங்க பல்லாவரத்துல ஒரு கல்ல குனிஞ்சு எடுத்தாரு. அது கல் இல்ல, கைக்கோடாலி, ஆதிமனுஷன் செதுக்கினது. இந்தியாவுல பழைய கற்கால மனுஷன் இருந்தான்னு அதுக்கப்புறம் தான் உலகத்துக்கே தெரிஞ்சது. அப்புறம் அவரு திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துலயும் கண்டுபிடிச்சாரு, அங்க இப்ப செஞ்ச ஆராய்ச்சியில 15 லட்சம் வருஷம் பழசுன்னு தெரியவந்திருக்கு. 15 லட்சம். எனக்கு இந்த நம்பர எழுதும்போதே கை சிலிர்க்குது. எழும்பூர் மியூசியத்துல இந்தக் கல்லுங்க இருக்கு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அத பாத்தா உள்ளங்கையில எப்படி உக்காரும்னு தெரியும், கட்டைவிரலுக்கு இடம் விட்டு செதுக்கியிருப்பான். எழுதுவேன், கண்டிப்பா எழுதுவேன், ஆனா அந்தக் கைக்கு என்ன பேச்சு குடுக்குறதுன்னு இன்னும் புடிபடல.

சாமி கும்பிடுவீங்களா?
(வாசகர், எழும்பூர்)

கும்பிடுவேன். கடலுக்கு போறதுக்கு முன்னாடி குப்பத்துல கற்பூரம் காட்டுவாங்க, நானும் கைய கூப்பி நிப்பேன். திரும்பி வந்ததுக்கு அப்புறமும்.

எழுதாத நேரத்துல என்ன பண்ணுவீங்க?
(வாசகி, பெசன்ட் நகர்)

உங்க வீட்டு வாசல் வழியா நடப்பேன்! ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் ஆமை நடை. பங்குனி ஆமைன்னு சொல்லுவோமே, அது முட்டை போட நம்ம சென்னைக் கரைக்கு வர்ற சீசன். 1988லேருந்து மாணவர்கள் ஒரு அமைப்பு வச்சு ராத்திரி பூரா கரையோரமா நடந்து முட்டைய பத்திரப்படுத்துறாங்க. நீலாங்கரையில ஆரம்பிச்சா பெசன்ட் நகர் வந்து சேரும்போது விடியப்போகும். டார்ச் கூடாது, சத்தம் கூடாது. மணல்ல டிராக்டர் போன மாதிரி ஒரு தடம் தெரியும், கடல்லேருந்து மேல ஏறி, திரும்ப கடலுக்கு எறங்கி. ரெண்டு தடத்துக்கும் நடுவுல எங்கயோ ஒரு குழி, அதுல 100லேருந்து 120 முட்டை, மெத்துமெத்துன்னு பந்து மாதிரி. ஒரு குச்சிய வச்சு மெதுவா குத்திப் பாத்து மணல் எங்க எளசா இருக்குன்னு கண்டுபிடிப்பாங்க. அந்தக் குச்சிய சரியா குத்துறதுக்கே ரெண்டு சீசன் ஆகும்னு சொல்லுவாங்க, ஏன்னா அழுத்தினா முட்டை உடைஞ்சுடும்.

முட்டைய எடுத்து வேலி போட்ட இடத்துல அதே ஆழத்துல புதைப்பாங்க, 45 நாள், 50 நாள்ல குஞ்சு வெளிய வரும். வெளிச்சம் எங்க இருக்கோ அங்க போகும் அந்தக் குஞ்சு, ஒரு காலத்துல ராத்திரியில வெளிச்சம்னா கடல் மட்டும் தான், இப்ப தெருவிளக்கு. ரோட்டுப் பக்கம் போயி நசுங்கிச் செத்த குஞ்சுங்கள நான் கையால பொறுக்கியிருக்கேன். கடற்கரையோரம் வீடு இருக்குறவங்க அந்த மூணு நாலு மாசம் கடல் பாத்த விளக்க ராத்திரில அணைச்சீங்கன்னா அதுவே போதும், இத நான் கெஞ்சிக் கேக்குறேன்.

2025 ஜனவரி எனக்கு ரொம்ப கஷ்டமான மாசம். ஆயிரத்துக்கு மேல செத்த ஆமை சென்னைப் பக்கத்துக் கரையில ஒதுங்குச்சு. நான் நடந்த ஒரு ராத்திரில மட்டும் எண்ண ஆரம்பிச்சு பாதியில நிறுத்திட்டேன். ஆமை மூச்சு வாங்க மேல வரணும், இழுவை வலையில சிக்கிக்கிட்டா வர முடியாது, முங்கியே செத்துடும். கரையிலேருந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவைப் போட்டு வரக்கூடாதுன்னு சட்டம் இருக்கு, ஆமை தப்பிக்கிறதுக்கு வலையில பொருத்துற கருவியும் இருக்கு. அத நடைமுறைப்படுத்தாம இருக்குறத என்னால ஏத்துக்கவே முடியல. மீனவங்கன்னு மொத்தமா பழி போடாதீங்க, ஆமை கரை ஏறிடுச்சுன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு போன் பண்ணி சொல்றது அதே குப்பத்து ஃபைபர் போட்டுக்காரங்க தான்.

ஐ.டி.ல வேலை பாக்குறேன், ட்ரெக்கிங் போகணும்னு ரொம்ப நாள் ஆசை. வீட்ல விட மாட்டேங்குறாங்க. உங்கள மாதிரி துணிச்சலா இருக்க என்ன பண்ணணும்?
(வாசகர், அம்பத்தூர்)

தம்பி, உங்க வீட்டுக்காரங்க பயப்படுறதுக்கு காரணம் இருக்கு. 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீ. சென்னையிலேருந்தும் மத்த ஊர்லேருந்தும் போன பசங்க 20 பேருக்கு மேல செத்துட்டாங்க, நெறைய பேர் உங்க வயசு. கோடை தொடங்குற நேரத்துல மேற்குத்தொடர்ச்சி மலையில புல்லு காஞ்சு கெடக்கும், காத்து மாறினா தீ ஓடுற வேகத்துக்கு மனுஷன் ஓட முடியாது. அந்த மலையோட ஜனங்களுக்கு இது தெரியும். போறவங்களுக்கு தெரியல.

நான் போக வேண்டாம்னு சொல்லல, போங்க. 2024லேருந்து நம்ம வனத்துறையே 40 பாதை தேர்ந்தெடுத்து ஆன்லைன்ல புக் பண்ற மாதிரி வச்சிருக்காங்க, உள்ளூர் மலைவாழ் மக்கள் தான் வழிகாட்டி. அதுல லேசானதா ஒண்ணுல ஆரம்பிங்க, வீட்ல இருக்குறவங்கள்ல ஒருத்தர கூட்டிட்டு போங்க, தங்கச்சி, மாமா, யாரா இருந்தாலும் சரி. வழிகாட்டி நில்லுன்னா நில்லுங்க, திரும்புன்னா திரும்புங்க, உச்சி இன்னும் அஞ்சு நிமிஷத்துல இருக்குன்னு தெரிஞ்சாலும் திரும்புங்க. துணிச்சல பத்தி கேட்டீங்க, எனக்கு தெரிஞ்ச துணிச்சல் அந்த "திருப்புடா"தான். வருமானத்த விட்டுட்டு, கூட வந்தவங்க மூஞ்சி சுருங்குறத பாத்துக்கிட்டே அத சொல்றதுக்கு எவ்ளோ மன உறுதி வேணும்.

நான் கடற்கொள்ளைக்காரங்கள வச்சு ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன். நேர்ல எந்தக் கப்பலையும் பாத்ததில்ல, நெட்டுல பாத்து தான் எழுதுறேன். சரிதானா?
(வாசகர், திருவொற்றியூர்)

கப்பல பாக்கலன்னாலும் பரவால்ல, நீங்க திருவொற்றியூர்ல இருந்துக்கிட்டு காசிமேட்ட பாக்கலன்னு சொன்னா தான் எனக்கு வருத்தம். ஒரு நாள் விடிகாலை மூணு மணிக்கு போங்க. ஏலம் விடுற சத்தம், ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம், டீசல் வாடை, கால்ல அப்புற மீன் செதில், கயிறு இழுத்து இழுத்து காய்ப்பு காய்ச்ச கையி. நெட்டுல படம் கெடைக்கும், வாடை கெடைக்காது. அப்புறம் பழவேற்காடு போங்க, டச்சுக்காரங்க கல்லறையில மண்டை ஓடு செதுக்கின கல்லு இருக்கு, அந்த ஊர் ஏரியில போட்டுல போனா தண்ணி இடுப்பளவு தான் இருக்கும், இவ்ளோ மேலாப்புல எப்படி சரக்கு எறக்குனான்னு கேள்வி வரும், அந்தக் கேள்விலேருந்து உங்க அடுத்த அத்தியாயம் வரும். புஸ்தகம் வேணும்னா கன்னிமாரா லைப்ரரி, தரமணில ரோஜா முத்தையா லைப்ரரி, ரெண்டும் போதும். நான் பாதி வாழ்க்கைய கன்னிமாராவுல தான் கழிச்சேன், 1896லேருந்து இருக்குற லைப்ரரி, இந்தியாவுல வர்ற எல்லா புஸ்தகத்துலயும் ஒரு காப்பி அங்க வரணும்.

ஒரே ஒரு விஷயம், யார்கிட்ட பேசப்போனாலும் மொத நாள் நோட்ட எடுக்காதீங்க. கூட உக்காந்து வலை பிரிச்சுக் குடுங்க. ரெண்டாவது நாள் அவங்களே பேசுவாங்க.

எழுதினது காணாமப் போனா என்ன செய்வீங்க? என் கவிதை நோட்ட தொலைச்சுட்டேன், ரெண்டு மாசமா எழுதவே தோணல.
(வாசகி, மயிலாப்பூர்)

உங்க கடுதாசிய படிச்சதும் எனக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்துடுச்சு. அப்ப நாங்க ஜாபர்கான்பேட்டையில தரைத்தளத்துல இருந்தோம். ஒண்ணாந்தேதி ராத்திரி அடையாத்துத் தண்ணி உள்ள வந்துச்சு, விடியுறதுக்குள்ள கழுத்து வரைக்கும். லாம்ப்டன் நாவலுக்காக அஞ்சு வருஷமா எடுத்த குறிப்பு, 14 நோட்டு, எல்லாம் கட்டிலுக்கு அடியில ட்ரங்க் பொட்டியில. கூழாயிடுச்சு.

மாடி வீட்டுக்காரங்க தயவுல ஒரு நாள் மேல இருந்தோம், அப்புறம் காசிமேட்டுலேருந்து மீனவப் பசங்க போட்ட லாரில ஏத்திக்கிட்டு வந்து எங்க தெருவுக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்தாங்க. கடல்ல ஓட்டுற போட்டு, எங்க தெருவுல. கரன்ட் ஒயர கையால தள்ளிக்கிட்டு, மதில் எங்க இருக்குன்னு துடுப்பால தட்டிப் பாத்துக்கிட்டு. ஒரு பையன் என் கையப் புடிச்சு ஏத்தினான், காசு குடுக்கப் போனேன், வாங்கல. அசோக் நகர்ல எறங்கினப்புறம் தான் என் கையில என்ன இருக்குன்னு பாக்குறேன். பித்தளை காபி ஃபில்டர். மாத்திரை இல்ல, நகை இல்ல, பாங்க் பாஸ்புக் இல்ல. தெனமும் காலைல மொதல்ல எடுக்குறத கை எடுத்திருக்கு, அவ்ளோதான். அந்த இடத்துலயே உக்காந்து அழுதேன், நோட்டு போனதுக்காக இல்ல, எங்க ஆயாவுக்கு கடைசி வரைக்கும் புரியாத அந்த அம்மிக்குழவி எனக்கு புரிஞ்சுடுச்சுன்னு. சொல்றதுக்கு ஆயா இல்ல.

மூணு மாசம் எழுதலைம்மா நானும். அப்புறம் ஞாபகத்துலேருந்து எழுதினேன். நோட்டுல இருந்த தேதியெல்லாம் திரும்ப லைப்ரரியில கெடைச்சுடுச்சு. ஆளுங்க சொன்னத மறுபடியும் போயி கேட்டேன், ரெண்டு பேர் அதுக்குள்ள இறந்துட்டாங்க, அந்த ரெண்டு பேர் சொன்னது மட்டும் என் ஞாபகத்துல இருந்த அளவுக்குத்தான் நாவல்ல இருக்கு. உங்க கவிதைல எந்த வரி இன்னும் மனசுல இருக்கோ அத மட்டும் மொதல்ல ஒரு தாள்ல எழுதுங்க, ஒரு வரியா இருந்தாலும் சரி.

அடுத்து என்ன எழுதுறீங்க?
(வாசகர், மணலி)

கலங்கரை விளக்கு. மெரினாவுல இப்ப இருக்குறது 1977லேருந்து எரியுது, ஆனா நம்ம ஊருக்கு அதுக்கு முன்னாடி மூணு விளக்கு இருந்துச்சு. மொதல்ல 1796ல கோட்டைக்குள்ள, இப்ப மியூசியம் இருக்குற கட்டடத்து மொட்டை மாடில, தேங்கா எண்ணெய் ஊத்தி திரி போட்டு எரிச்சிருக்காங்க. அப்புறம் 1844ல ஒரு பெரிய கல்தூண், அது இன்னமும் ஐகோர்ட் வளாகத்துக்குள்ள நிக்குது. 1894ல ஐகோர்ட் கோபுரத்து மேலயே விளக்க வச்சுட்டாங்க. தேங்கா எண்ணெய்ல எரிஞ்ச விளக்குன்னா யாரோ ஒருத்தன் ராத்திரி பூரா முழிச்சிருந்து எண்ணெய் ஊத்தியிருக்கணும், திரி கத்தரிச்சிருக்கணும், கண்ணாடியில கரி துடைச்சிருக்கணும். பொங்கல் அன்னைக்கும், புயல் அன்னைக்கும். அவன் யாரு, பகல்ல எங்க தூங்கினான், அவன் பொண்டாட்டி என்ன நெனச்சா, இதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன், ஆவணக் காப்பகத்துல சம்பளக் கணக்கு தேடித் தேடி பாக்குறேன்.

இத படிக்கிறவங்க வீட்ல யாராவது, தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ, விளக்கு வேலை பாத்தவங்க, துறைமுகத்துல கயிறு புடிச்சவங்க, சர்வே பார்ட்டியோட சங்கிலி தூக்கிட்டு போனவங்க இருந்தா, அவங்கள பத்தி வீட்ல பேசிக்கிட்ட ஒரு சின்ன விஷயமா இருந்தாலும், இந்த பத்திரிகை ஆபீசுக்கு ஒரு கடுதாசி போடுங்க. நான் நேர்ல வந்து கேட்டுக்குறேன்.